சதுரங்கத்துக்கு மேடுபள்ளம் வந்த கதை

ஆவடி எச்.வி.எஃப். தொழிற்சாலையிலிருந்து 1965-இல் வெளியே வந்த முதல் டாங்கியின் பெயர் விஜயந்தா. வடிவமைப்பு இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்துடையது. உடல் நீளம் ஏறக்குறைய எட்டு மீட்டர், எடை சுமார் 39 டன். இதை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 11 சென்டிமீட்டர் வரும். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம்.

சுருக்குவதில் சிரமம் ஒன்றும் இல்லை. அடுத்த கணக்கில்தான் மாட்டிக்கொள்வோம். அந்த டாங்கி 1,800 மீட்டர் தள்ளி நிற்கும் எதிரியைச் சுடப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தையும் அதே 72-ஆல் வகுத்தால் 25 மீட்டர். அம்பத்தூரில் எந்த வீட்டு ஹால் 25 மீட்டர் நீளம் இருக்கிறது? எதிரி டாங்கியை வைக்க மாடிப்படி இறங்கித் தெருமுனைப் பால் பூத் வரை போக வேண்டியிருக்கும். ஆகவே இந்த விளையாட்டில் ஒரு தந்திரம் செய்கிறார்கள். வீரனுக்கும் வண்டிக்கும் ஓர் அளவுகோல், அவர்கள் நிற்கும் மண்ணுக்கு வேறோர் அளவுகோல். பார்க்கிற கண் இரண்டையும் ஒன்றாகவே ஏற்றுக்கொள்கிறது.

மினியேச்சர் வார்கேம் என்று உலகம் முழுக்க அழைக்கப்படும் விளையாட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். விரல் உயர வீரர்களை வாங்கியோ அச்செடுத்தோ, தூரிகையால் ஒவ்வொருவனுக்கும் வண்ணம் தீட்டி, மேசைமேல் குன்று, ஆறு, இடிந்த வீடு எல்லாம் அமைத்து, இன்ச் டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் நடத்துவது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பொம்மையைத்தான் முதலில் பார்ப்பார்கள். விற்கும் நிறுவனங்களும் அதையே முன்னால் நிறுத்தும், காசு அதில்தான். ஆனால் இது பிறந்த வரலாற்றைப் புரட்டினால், பொம்மை வெகு பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. முதலில் வந்தது நிலம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதும் அதுதான்.

சதுரங்கத்தில் நிலம் கிடையாது. நம் நாட்டிலிருந்து பாரசீகம் போய், அரபுகள் கையில் வளர்ந்து, ஐரோப்பா சேர்ந்த அந்த ஆட்டத்தில் யானை, குதிரை, தேர், காலாள் என நால்வகைப் படையும் உண்டு. படை ஏறி நிற்க ஒரு மேடு இல்லை, இறங்கிக் கடக்க ஓர் ஓடை இல்லை. கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம் என்பதெல்லாம் கண்ணுக்கு. குதிரைக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னொரு விசித்திரமும் உண்டு. வெட்டு விழுந்தால் காய் போயே தீரும். தாக்கப்பட்டவன் திருப்பி அடித்தான், தப்பி ஓடினான் என்ற பேச்சுக்கே இடமில்லை. அம்பத்தூரை ஒட்டிய மேல் அயனம்பாக்கத்தில் படித்த குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனபின், இந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு சதுரங்கத்தில் குறை இருக்கிறது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மானியக் கணக்கு வாத்தியாருக்கு இருந்தது.

அவர் பெயர் யோஹான் கிறிஸ்டியான் லூட்விக் ஹெல்விக். பிரவுன்ஷ்வைக் நகரத்துக்காரர், பூச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சியாளரும்கூட. ராணுவத்துக்குப் போகவிருக்கும் பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குப் போர்க்கலையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யோசித்து, 1780-இல் ஓர் ஆட்டத்தை வெளியிட்டார். பலகையில் 64 கட்டத்துக்குப் பதில் 1,617 கட்டம். ஒரு பக்கம் 49, மறு பக்கம் 33. சிவப்புக் கட்டம் மலை, நீலம் நீர், பச்சை சதுப்பு. எந்தக் காய் எங்கே நுழையலாம் என்பதை இப்போது நிறம் தீர்மானித்தது. காய்களின் ஆட்டம் இன்னும் சதுரங்கத்தின் சாயலில்தான் இருந்தது என்றாலும், குதிரை முதல்முறையாகத் தன் காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியதாயிற்று. பிறகு வென்ட்டூரினி என்பவர் கட்டங்களை 3,600 ஆக்கினார். கட்டம் கூடக் கூட ஆட்டம் கனத்ததே தவிர, நிஜப் போரின் அருகில் போகவில்லை. ஆறு எங்காவது சதுரம் சதுரமாக வளையுமா?

கட்டத்தையே தூக்கி எறிந்தவர் ராய்ஸ்விட்ஸ். இரண்டு ராய்ஸ்விட்ஸ் உண்டு, அப்பாவும் மகனும். அப்பா கியோர்க் லியோபோல்ட் போர்வீரர் அல்ல. பிரெஸ்லாவ் நகரில் பிரஷ்ய அரசின் அதிகாரி. 1811-இல் மணல் பரப்பிய ஒரு மேசையில் தன் போர் ஆட்டத்தை பெர்லினில் இளவரசர்களுக்கு நடத்திக் காட்டினார். மணலில் எந்த மேட்டையும் எந்த வளைவையும் கையாலேயே உண்டாக்கிவிடலாம், கட்டம் எதற்கு? இளவரசர்கள் சொக்கிப்போய் அரசரிடம் சொல்ல, மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் தானும் பார்க்க வேண்டும் என்றார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. மகாராஜாவின் முன்னால் மண்ணைக் கொட்டி விளையாடுவதா என்று மனிதருக்குக் கூச்சம் வந்துவிட்டது. மாதக்கணக்கில் அரசரைக் காக்க வைத்து, 1812-இல் ஓர் அலங்கார மேசையோடு போய் நின்றார். அதன் இழுப்பறைகளில் மேடும் பள்ளமும் ஆறும் சாலையும் புடைப்பாக அமைந்த சதுரத் துண்டுகள். வேண்டியபடி மாற்றி மாற்றி அடுக்கினால் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய நாடு. இன்று அட்டைப்பெட்டியில் விற்கும் ‘மாட்யுலர் டெரெய்ன்’ பலகைகளின் மூத்த தாத்தா அந்த மேசைதான். அது பெர்லினில் பத்திரமாக இருக்கிறது. அரசர் குடும்பம் அதை வைத்துப் பல இரவுகள் விளையாடியது; படைக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை. எத்தனை படைப்பிரிவுக்குத்தான் அப்படி ஒரு மேசை செய்து தர முடியும்?

அந்தக் குறையைத் தீர்த்தவர் மகன். பீரங்கிப் படையில் லெப்டினன்ட். அப்பாவின் மேசையை ஓரம் தள்ளிவிட்டு, ராணுவ நில அளவை வரைபடத்தை விரித்தார். எட்டாயிரத்தில் ஒரு பங்கு அளவு. நம் விஜயந்தாவின் 1,800 மீட்டர் இந்த வரைபடத்தில் 22 சென்டிமீட்டர் சொச்சம். தெருமுனைக்குப் போக வேண்டாம். 1824-இல் அவர் வெளியிட்ட விதிகளைப் படிக்கும்போது, இருநூறு வருடம் பழையது என்ற நினைப்பே வருவதில்லை. ஒரு சுற்று என்பது போரில் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் காலாள் எத்தனை அடி நடப்பான், உழுத வயலில் எவ்வளவு தாமதிப்பான் என்பதற்கெல்லாம் அட்டவணை. துப்பாக்கிச் சூட்டின் பலனுக்குப் பகடை. அந்தப் பகடையும் குருட்டாம்போக்கு அல்ல. பிரஷ்யத் தளபதி ஷார்ன்ஹோர்ஸ்ட் சுட்டுப் பார்த்து எழுதிவைத்த சோதனைக் கணக்குகளை அடிப்படையாகக் கொண்டது. ஒரே அடியில் காய் போய்விடாது. இழப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், குறித்துக்கொண்டே வர வேண்டும். இன்று வீடியோ கேமில் உயிர்க்கோடு குறைவதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தெரியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானவர் நடுவர். இரு தரப்பும் கட்டளைகளைச் சீட்டில் எழுதி அவரிடம் கொடுக்கும். குன்றுக்குப் பின்னால் எதிரியின் குதிரைப்படை இருந்தால் உங்களுக்குச் சொல்ல மாட்டார், உங்கள் ஆள் குன்றின்மேல் ஏறிப் பார்க்கும்வரை. சதுரங்கத்தில் ஒளிவுமறைவு கிடையாது, இருவருக்கும் எல்லாம் தெரியும். நிலத்தில் மேடு வந்தவுடன் மறைவு வந்துவிட்டது. மறைவு வந்தவுடன் பயமும் ஊகமும் வந்துவிட்டன. ஒரு விளையாட்டை இதைவிடப் பெரிதாக மாற்றிய கண்டுபிடிப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

தலைமைத் தளபதி மியூஃப்லிங் முதலில் சிடுசிடுவென்றுதான் பார்க்க வந்தாராம். ஆட்டம் நகர நகர முகம் மாறி, இதை விளையாட்டு என்று சொல்வதே தப்பு, இது போருக்கான பயிற்சி என்று கூவிவிட்டதாகச் சொல்வார்கள். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு பெட்டி என்று உத்தரவானது. மகன் ராய்ஸ்விட்ஸுக்கு அந்தப் புகழ் நிலைக்கவில்லை. பெர்லினைவிட்டு வேறு ஊருக்கு மாற்றப்பட்டு, மனமுடைந்து, 1827-இல் தற்கொலை செய்துகொண்டார். 1870-இல் பிரஷ்யா பிரான்சைத் தோற்கடித்தபோதுதான், எப்படி ஜெயித்தார்கள் என்று தேடிய உலகத்தின் கண்ணில் இந்தப் பெட்டி பட்டது.

இங்கிலாந்து ராணுவத்துக்காக 1872-இல் இதன் விதிகளை எழுதியவர் ஈவ்லின் பேரிங் என்ற பீரங்கிப்படை அதிகாரி. அதே ஆண்டு அவர் கப்பலேறி வந்தது இந்தியாவுக்கு, வைஸ்ராய் நார்த்புரூக்கின் அந்தரங்கச் செயலராக. பின்னாளில் எகிப்தை ஆட்டிப்படைத்த குரோமர் பிரபு இவர்தான்.

இந்தப் போர் ஆட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடக்கிறது, சீருடைக்குள். நீலகிரி வெலிங்டனில் 1947-இலிருந்து முப்படை அதிகாரிகளுக்கான பணியாளர் கல்லூரி இருக்கிறது. பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இருக்கிறது. நம் ராணுவப் பயிற்சியில் ‘சாண்ட் மாடல்’ என்பது அன்றாடச் சொல். மணலிலோ மண்ணிலோ ஒரு நிலப்பரப்பைச் செய்து, சுற்றி நின்று, நீ என்ன செய்வாய் என்று கேட்பார்கள். ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வுக்குத் தயாராகும் ஆவடிப் பிள்ளைகளைக் கேளுங்கள், குழுவாகத் திட்டமிடும் சோதனையில் இப்படி ஒரு மாதிரி நிலத்தின் முன்னால்தான் நிறுத்துவார்கள் என்று சொல்வார்கள். ராஜாவிடம் காட்ட ராய்ஸ்விட்ஸ் கூசிய மணல்தான் கடைசியில் நிலைத்தது.

இனி பொம்மைக்கு வருவோம். ஈய வீரர்கள் ஜெர்மனியில் முன்பிருந்தே உண்டு; தட்டையானவர்கள், கனமானவர்கள், விலை அதிகமானவர்கள். லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தினர் 1893-இல் ஒரு வழி கண்டார்கள். உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதைத் திருப்பிக் கொட்டிவிடுவது. உள்ளே வெற்றிடம், வெளியே முழு உருவம். ஈயம் மிச்சம், விலையும் இறங்கியது. நடுத்தர வீட்டுப் பையன்களிடமும் ஒரு படை சேர்ந்தது.

அந்தப் படைக்கு விதி எழுதியவர், கால இயந்திரத்தையும் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பையும் கற்பனை செய்த எச்.ஜி. வெல்ஸ். 1913-இல் வந்த அவருடைய ‘லிட்டில் வார்ஸ்’ இந்தப் பொழுதுபோக்கின் ஆதிநூல். தொடக்கம் வெகு சாதாரணம். பிரிட்டன் நிறுவனத்தின் சுருள்வில் பொம்மைப் பீரங்கி ஒன்று. ஓர் அங்குல மரக்குச்சியைத் துப்பும். விருந்துக்கு வந்த நண்பர் சாப்பாடு முடிந்து அதை எடுத்து ஒரு பொம்மை வீரனைக் குறிபார்த்து வீழ்த்தினார். அந்த நண்பர் நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் என்பார்கள். அவ்வளவுதான், பெரிய மனிதர்கள் தரையில் குப்புறப் படுத்துவிட்டார்கள். தடித்த புத்தகங்கள் மலையாயின, மரக்கட்டைகள் வீடாயின, சாக்பீஸ் கோடு ஆறாயிற்று. வெல்ஸ் பகடையை வைக்கவில்லை. பீரங்கிச் சூட்டில் வீரன் நிஜமாகவே விழுந்தால்தான் சாவு. எனக்கு அது பிடிக்கும். தோற்றவன் பகடையைத் திட்ட முடியாது.

நூலின் கடைசியில் வெல்ஸ் போருக்கு எதிராகவே பேசுகிறார். தளபதிகளும் போர்வெறியர்களும் ஓர் அறைக்குள் அமர்ந்து இந்தச் சின்னப் போரை ஆடிப் பார்த்தால் நிஜப் போர் எவ்வளவு பெரிய மடத்தனம் என்று விளங்கும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வந்தது. ஆடிப் பார்த்தவர்கள்தான் ஜெர்மனியில் படை நடத்தினார்கள். மடத்தனம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. இந்த விளையாட்டைச் சமாதானத் தூதர் என்று தூக்கிப் பிடிப்பவர்களுக்கும், பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று தூற்றுபவர்களுக்கும் அந்த ஓர் ஆண்டு இடைவெளி போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1959-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் பிளாஸ்டிக் வீரர்களைப் பெட்டியில் போட்டு மலிவாக விற்றது. 1962-இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் ‘வார் கேம்ஸ்’ என்ற நூலை எழுதிச் சிதறிக் கிடந்த ஆட்டக்காரர்களை ஒன்றுசேர்த்தார். இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர்; போருக்குப் பின் பிசியோதெரபி மருத்துவர். டாங்கிக்குள் உட்கார்ந்து பார்த்தவர் திரும்பி வந்து அதையே சின்னதாக்கி மேசையில் ஓட்டியதை எப்படிப் புரிந்துகொள்வது என்று மனநல மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். 1971-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ் குழுவினர் மத்தியகாலப் போருக்கு விதி எழுதி, பின்னிணைப்பாக டிராகனையும் மந்திரவாதியையும் சேர்த்தார்கள். அந்தப் பின்னிணைப்பிலிருந்து 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கிளைத்தது. 1983-இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் ‘வார்ஹாமர்’ வெளியிட்டது. 1987-இல் அதையே நாற்பதாயிரமாம் ஆண்டுக்குக் கொண்டுபோனது. 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களில் ஒன்றானது. பொம்மை அங்கே கொழித்தது. நிலத்தை என்ன செய்தார்கள் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

நிலம் செய்வது எப்படி என்று நம் வீடுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நவராத்திரிக்குக் கொலுப்படி பக்கத்தில் ‘பார்க்’ வைக்கிறோமே, மண் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்லாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைப் புதைத்துக் குளமாக்கி, அதுதான் டெரெய்ன். என்ன, கொலுப் பொம்மைகள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்வதில்லை.

மேசைப் போருக்கு அது கொஞ்சம் உறுதியாகவும் மடித்து வைக்கக்கூடியதாகவும் வேண்டும். குன்றுக்குத் தெர்மோகோல் எங்கும் கிடைக்கும். ஆனால் அதை வெட்டினால் வெள்ளை மணிகள் வீடெல்லாம் ஒட்டிக்கொள்ளும். மனைவியோ அம்மாவோ பொழுதுபோக்குக்கே தடை விதிக்கும் அபாயம் உண்டு. கூரை வெப்பத்தடுப்புக்குப் போடும் எக்ஸ்.பி.எஸ். பலகை இதற்கு எவ்வளவோ மேல், கத்தியால் வழவழவென்று வெட்டலாம். இரண்டுக்கும் பொதுவான எதிரி ஸ்பிரே பெயின்ட். அதிலுள்ள கரைப்பான் பட்டால் குன்று குழியாகிவிடும். அதனால் முதலில் ஃபெவிகாலில் மணல் குழைத்து ஒரு பூச்சு, காய்ந்தபின் சாதாரண அக்ரிலிக் வண்ணம். மரப்பட்டறைத் தூளைப் பச்சைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்தால் புல். தேங்காய் நார் காய்ந்த கோரை. வடிகட்டிய தேயிலைத்தூள் காட்டுத் தரையின் சருகு. நன்றாகக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். தென்னந்துடைப்பக் குச்சி மூங்கில் படலுக்கு ஆகும்.

சென்னையின் காற்றும் இதில் ஒரு ஆட்டக்காரர். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வீரர்கள்மேல் ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்து, தீட்டிய விவரமெல்லாம் மங்கும். மழை ஓயும்வரை தூரிகையால் பூசுவதுதான் நல்லது. கத்திரி வெயிலில் வேறு தொல்லை. த்ரீ-டி பிரிண்டரில் பெரும்பாலும் ஓடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். பூட்டிய காரில் வைத்துவிட்டுப் போனால் கோட்டைச் சுவர் நெளிந்து நிற்கும்.

பொம்மைகளை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது நாளுக்கு நாள் கடினமாகிவிட்டது. பொம்மை இறக்குமதிக்கான சுங்க வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. கூலியும் கூரியரும் சேர்ந்தால் பத்து வீரர்கள் கொண்ட ஒரு பெட்டிக்கு ஒரு மாதப் பால் செலவு. ஆனால் அம்பத்தூர்க்காரர்கள் இதற்காக அழுதால் நான் ஏற்க மாட்டேன். 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டை பக்கத்தில் இருக்கிறது. அச்சு வெட்டுவது, டை செய்வது, பிளாஸ்டிக் வார்ப்பது, லேசரில் எம்.டி.எஃப். பலகை அறுப்பது எல்லாம் அங்கே பிழைப்பு. ஒரு கோட்டையின் சுவர்களை வரைந்து எடுத்துப் போனால், வேலை செய்பவர் எதற்கு என்று கேட்டுச் சிரித்துவிட்டு அறுத்துத் தருவார்.

என் குறை வேறு. கடையில் வாங்கினாலும் வீட்டில் செய்தாலும், மேசைமேல் வருவது பெரும்பாலும் இடிந்த ஐரோப்பியத் தேவாலயம், கல்பாலம், ஊசியிலைக் காடு. நிலத்தையும் போரையும் சேர்த்து யோசித்த பழைய நூல் நம்மிடம் இருக்கும்போது இது வேடிக்கை. தொல்காப்பியம் ஒவ்வொரு புறத்திணையையும் ஓர் அகத்திணையோடு கட்டிவைக்கிறது. ஆநிரை கவரும் வெட்சி குறிஞ்சிக்குப் புறம். மலையிலிருந்து இறங்கி ஓட்டிக்கொண்டு மறைய வேண்டிய போர். படையெடுத்துப் போகும் வஞ்சி முல்லைக்கு. மதிலை முற்றும் உழிஞை மருதத்துக்கு, ஏனென்றால் காக்க நெல்லும் ஊரும் அங்கேதான் உண்டு. நேருக்கு நேர் மோதும் தும்பை நெய்தலுக்கு, ஒளிய இடமில்லாத பரந்த மணல். உரையாசிரியர்கள் வேறு காரணங்களும் சொல்வார்கள். ஆனால் ஒரு வார்கேம் ஆட்டக்காரர் இந்தப் பட்டியலைப் படித்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார், இது ‘சினாரியோ’ பட்டியல். எந்த மேசையில் எந்தப் போர் பொருந்தும் என்பது.

இப்போது போட்டிகள். வார்ஹாமர் 40,000 போட்டியில் இருவரும் 2,000 புள்ளி மதிப்புள்ள படையோடு வருவார்கள். மேசை 60 அங்குலத்துக்கு 44 அங்குலம். ஒரு ஆட்டம் மூன்று மணி நேரம் வரை. யாருக்கு யாரோடு ஆட்டம் என்பது ‘ஸ்விஸ்’ முறையில், ஜெயித்தவனோடு ஜெயித்தவன். இது சதுரங்கப் போட்டியிலிருந்து வந்தது. பக்கத்தில் தட்டும் கடிகாரமும் சதுரங்கத்திலிருந்துதான். படைக்கு முழுதாக வண்ணம் தீட்டியிருந்தால் நூற்றில் பத்துப் புள்ளி, அது மட்டும் இந்த ஆட்டத்துக்கே உரிய அழகு.

நேர்மை கருதி, நிலத்தையும் சமமாக்கினார்கள். ஒரு பக்கம் ஒரு குன்று இருந்து மறுபக்கம் இல்லையென்றால் தோற்றவர் சண்டைக்கு வருவாரே. ஆகவே ‘எல்’ வடிவ இடிசுவர்கள், இந்த மூலையிலிருந்து இத்தனை அங்குலம் என்று, மேசையைத் திருப்பிப் போட்டாலும் ஒரே மாதிரி இருக்கும்படி. பெரிய அணிப் போட்டிகள் இதற்கு வரைபடமே வெளியிடுகின்றன. ஆட்டக்காரர்கள் அந்த வரைபடங்களை வீட்டில் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். ஹெல்விக்கும் ராய்ஸ்விட்ஸும் இரண்டு தலைமுறை பாடுபட்டு எதைச் சதுரங்கத்திலிருந்து பிய்த்தெடுத்தார்களோ, அதைப் போட்டிகள் திரும்ப ஒட்டிவிட்டன. போட்டிக்காரர்களின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. மூன்று மணி நேரம் அந்தக் கவனத்தோடு உட்கார என்னால் ஆகாது. ஆனால் சமமான நிலத்தில் நடப்பது வேறு விளையாட்டு. உலகில் எந்தத் தளபதிக்கும் சமமான நிலம் வாய்த்ததில்லை. அந்த அநியாயத்தைச் சமாளிப்பதற்குத்தான் இந்த ஆட்டமே பிறந்தது.

அநியாயமான நிலம் வேண்டுமென்றால் ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் தூரம் போக வேண்டாம். காஞ்சிபுரத்துக்கு அருகில் புள்ளலூர் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி அதே ஊரில் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை வளைத்து அழித்தார்கள். சில மைல் தள்ளிக் காஞ்சியில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. பின்னர் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். மறுவருடம் ஆகஸ்டில் கும்பினித் தளபதி அயர் கூட்டும் ஹைதரும் கிட்டத்தட்ட அதே இடத்தில் மோதினார்கள். இன்னும் கிட்டத்தில் மணிமங்கலம். நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த களங்களில் ஒன்று.

இந்தப் பகுதியின் போர்களை வெளிநாட்டு டெரெய்ன் பெட்டியை வைத்து ஆட முடியாது, ஏனென்றால் அதில் ஏரிக்கரை இல்லை. தொண்டை மண்டலத்தில் பார்வையை மறைப்பது குன்றல்ல, கரை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் என்று எதன் கரையில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். கீழே நிற்பவனுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. மேலே ஏறியவன் எல்லோர் கண்ணிலும் படுவான். மதகடியில் ஒரே ஒரு வண்டிப்பாதை. வயலில் நீர் இருந்தால் பீரங்கி இறங்காது. 28 மில்லிமீட்டர் வீரர்களுக்கு மூன்று மீட்டர் உயரக் கரை என்றால் ஐந்து சென்டிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். பலகை போதும். சரிவை மறந்துவிடாதீர்கள், ஒன்றுக்கு இரண்டு என்று விட்டால் அடிப்பாகம் 20 சென்டிமீட்டருக்கு மேல் போகும். வண்டல் நிறத்தில் ஒரு பூச்சு, உச்சியில் வரிசையாகப் பனை.

அந்த மேசையில் பெய்லி பக்கம் உட்காருபவர் அநேகமாகத் தோற்பார். வந்தவுடன் சண்டை போடாமல், மன்றோ வருகிறாரா இல்லையா என்பதை மட்டும் ஒரு நடுவரிடம் ரகசியமாக ஒப்படைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். அப்போது ராய்ஸ்விட்ஸ் எதைக் கண்டுபிடித்தார் என்று தெரியும். விதிநூலுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. வெல்ஸின் ‘லிட்டில் வார்ஸ்’ காப்புரிமை தீர்ந்து, குட்டன்பர்க் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.